முக்காலே மூணு வீசம்

களத்தில் தூற்றி முடித்த நெல் அம்பாரமாகக் குவிந்திருக்கும். மரக்காலைக் கையில் எடுத்தவர் முதல் மரக்காலைச் சாக்கில் கொட்டும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார். “லாபம்” என்பார். அடுத்தது “ரெண்டு”, அதற்கடுத்தது “மூணு”. அந்தக் குரல் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்க, எங்கள் தாத்தா புளியமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அளந்தவர் “நூத்து முப்பத்தேழுங்க” என்று சொல்லி வாயை மூடுவதற்குள், கட்டிலிலிருந்து “பதினோரு கலம், தூணிக் குறுணி” என்று பதில் வந்துவிடும்.

பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நாலு மரக்கால் ஒரு தூணி. குறுணி என்பது மரக்காலுக்கே இன்னொரு பெயர். 137ஐ 12ஆல் வகுத்து, மீதி வந்த ஐந்தை நாலும் ஒன்றுமாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். அது 1968ஆம் வருஷத்து அறுவடை. மூன்றாம் வகுப்பில் இருந்த நான் சிலேட்டில் அதையே வகுத்துப் பார்த்தேன். ஈவு பதினொன்று, மீதி ஐந்து என்று வந்தபோது வண்டியில் மூட்டை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

தாத்தா பள்ளிக்கூடம் போனது நாலே வருஷம். அதுவும் ஒரு வாத்தியார் வீட்டுத் திண்ணை. மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலையில் எழுத்தாணி பிடித்தவர். அரிச்சுவடி முடிந்ததும் எண்சுவடி. அதில் முழு எண்கள் மேல்வாய் இலக்கம், பின்னங்கள் கீழ்வாய் இலக்கம். நெல்லளவுக்கு நெல்லிலக்கம், நிலத்தின் பரப்புக்குக் குழிமாற்று என்று தனித்தனி வாய்ப்பாடுகள் உண்டு. சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். 1789இல் சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளியிலும் புகுத்தினார். பிள்ளைக்குப் பிள்ளையே பாடம் சொல்லிக் கொடுக்கும் முறையையும் சேர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், அதற்குச் சென்னை முறை என்றே பெயர் சூட்டினார்.

எண்சுவடியில் என்னை இன்றும் அசரவைப்பது கீழ்வாய் இலக்கம்தான். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அதைப் போல இரண்டு பங்கு அரைக்காணி, நாலு பங்கு காணி. இருபதில் ஒன்று மா. பதினாறில் ஒன்று மாகாணி, அதையே வீசம் என்றும் சொல்வார்கள். எட்டில் ஒன்று அரைக்கால். இவை ஏட்டில் மட்டும் கிடந்த சொற்கள் இல்லை. எங்கள் தஞ்சைப் பக்கத்தில் பன்னிரண்டடிக் கோலால் அளந்த சதுரம் ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஆக வேலியில் இருபதில் ஒரு பங்குக்கு மா என்று பெயர், இருபதில் ஒன்று என்ற பின்னத்துக்கும் மா என்றே பெயர். பின்னத்தைக் காட்ட வாத்தியார் படம் வரைய வேண்டியதில்லை. பையன் வரப்பில் நின்று பார்த்தால் கண்ணெதிரே மா கிடக்கும். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற காசு வந்தபோதும் வீசம் அப்படியே பொருந்திப்போயிற்று. ரூபாயில் ஒரு வீசம் ஓரணா, அரைக்கால் ரெண்டணா, கால் நாலணா. “ஊர்ல முக்காலே மூணு வீசம் பேரு இப்படித்தான்” என்று தாத்தா அலுத்துக்கொள்வார். முக்கால் பன்னிரண்டு வீசம், அதோடு மூன்று, பதினாறில் பதினைந்து. கிட்டத்தட்ட எல்லோரும் என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொல்ல ஒரு வழி இருந்திருக்கிறது.

இதை எழுதும்போதே இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அந்தத் திண்ணையில் பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. எங்கள் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. களத்தில் “லாபம், ரெண்டு” என்று அளந்தவர் சேரியிலிருந்து வந்தவர். அவருடைய பிள்ளைகளை அந்தத் திண்ணையின் நிழலில்கூட நிற்க விட்டிருக்க மாட்டார்கள். நூற்று முப்பத்தேழு வரை பிசகாமல் எண்ணியவருக்கு அதைக் கலமாக்கிச் சொல்லும் கணக்கு மறுக்கப்பட்டிருந்தது. கூலி நெல் எவ்வளவு என்று முடிவு செய்தவர் கணக்குத் தெரிந்தவர். வாங்கிக்கொண்டு போனவர் அதை நம்பித்தான் ஆக வேண்டும். உள்ளே இடம் கிடைத்த பையன்களுக்கும் அது சுகவாசம் இல்லை. தப்பாகச் சொன்னவனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையைப் பற்றித் தாத்தா ஒரே ஒருமுறை சொன்னார். சொல்லும்போது தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். அந்தக் காலத்துக் கணக்கைப் புகழ்கிறவர்கள் இந்த மணிக்கட்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் மீட்டரும் கடைக்குக் கடை வந்துவிட்டன. நாட்டுக்கு அது தேவையாகத்தான் இருந்தது. ஊருக்கு ஊர் படியின் அளவும் சேரின் எடையும் மாறிக்கொண்டிருந்தால் வாங்குகிறவனுக்குத்தானே நஷ்டம்? ஆனால் பத்துப் பத்தாகப் போகும் கணக்கு வந்ததும், பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போகும் கணக்கு நாக்கிலிருந்து மெல்ல இறங்கத் தொடங்கியது. 25 காசை நாலணா என்றும் 50 காசை எட்டணா என்றும் சொல்வது மட்டும் வெகுநாள் நீடித்தது. 2011 ஜூன் மாதத்தோடு 25 காசு செல்லாது என்று ஆனபோது, நாலணா என்ற சொல்லுக்குக் கையில் பிடித்துக் காட்ட ஒரு பொருள் இல்லாமல் போயிற்று.

நான் படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சாயங்காலம் கடைசி அரைமணி வாய்ப்பாட்டுக்கு உரியது. வேப்பமரத்தடியில் எல்லா வகுப்பும் ஒன்றாக நிற்கும். ஒருவன் முன்னால் வந்து “மூவேழு” என்பான், நாங்கள் “இருபத்தொண்ணு” என்போம். “ஐயேழு?” “முப்பத்தஞ்சு.” அந்தச் சத்தம் மடை வரை கேட்கும் என்று அம்மா சொல்வாள். பள்ளிக்கூடம் விட்டால் கடை. இருநூறு கிராம் துவரம்பருப்பு, நூறு மிளகாய், ஐம்பது தனியா என்று அம்மா சொல்லி அனுப்புவாள். ஒவ்வொன்றுக்கும் கிலோ விலை வேறு. மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே பழைய தாளில் கூட்டிவிடுவார். மீதிக் காசு கொடுக்கும்போது அவர் கழித்துப் பார்த்து நான் கண்டதில்லை. கூட்டிக்கொண்டே போவார். சாமான் 63 காசு, கொடுத்தது ஒரு ரூபாய் என்றால், “அறுபத்து மூணு, இந்தா ரெண்டு அறுபத்தஞ்சு, அஞ்சு எழுபது, பத்து எம்பது, இருபது நூறு” என்று ஒவ்வொரு காசாகக் கையில் வைப்பார். கழித்தல் என்பது இங்கிருந்து அங்கே போக எவ்வளவு தூரம் என்று பார்ப்பதுதான். அதை நான் கற்றது அந்தக் கடையின் மரப்பெட்டிக்கு எதிரில்.

1984இல் நானே ஆசிரியரானேன். பத்து வருஷம் நானும் வாய்ப்பாட்டைக் கத்தச் சொல்லியே நடத்தினேன். ஒருநாள் நாலாம் வகுப்பில் நன்றாக ஒப்பிக்கும் பையனை நிறுத்தி “எட்டேழு எவ்வளவு?” என்றேன். அவன் உதடு அசைய ஆரம்பித்தது. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று முதலிலிருந்து வருகிறான். எட்டாவது படிக்கு வந்ததும்தான் “அம்பத்தாறு” என்றான். “சரி, ஏழேழு நாப்பத்தொம்பதுன்னா, இன்னொரு ஏழு சேர்த்தா என்ன?” என்று கேட்டேன். அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. பாட்டாகத் தெரிந்திருந்தது, கணக்காகத் தெரிந்திருக்கவில்லை. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படித்தான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். எண்சுவடி இந்த இடத்தில் என்னைவிட யோசித்திருக்கிறது. ஒவ்வொரு வாய்ப்பாட்டின் முடிவிலும் விடைகள் எல்லாவற்றையும் கூட்டிய தொகையைக் கொடுத்திருப்பார்கள். ஏழாம் வாய்ப்பாட்டைப் பத்து வரை கூட்டினால் 385. ஒரு வரி பிசகினாலும் தொகை காட்டிக்கொடுத்துவிடும்.

2007 வாக்கில் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகள், கற்றல் ஏணி, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து தாங்களே எழுதத் தாழ்வான கரும்பலகை. எங்களில் பலர் முணுமுணுத்தோம். ஆனால் பத்துப் பத்துக் குச்சியாகக் கட்டுக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கி, “இதுதான் சார் கடன் வாங்குறதா?” என்று ஒரு குழந்தை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடன் வாங்கிக் கழிப்பதை இருபது வருஷம் சொல்லிக் கொடுத்தும், கடன் கொடுத்தது யார் என்று அதுவரை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்து திறந்தபின், 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பாடம். நான் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் பக்கத்துப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தபோது, மணிச்சட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்த பெண் பிள்ளைகளின் முகத்தில் பயம் இல்லை. எங்கள் பாட்டி ஒருநாளும் உட்காராத இடத்தில் அவள் கொள்ளுப்பேத்தி வயதுள்ளவர்கள் உட்கார்ந்து பதிலுக்குப் பதில் வாதாடுகிறார்கள். இதை ஒருநாளும் இழந்துவிடக் கூடாது.

அப்படியிருந்தும் கணக்கு ஏன் கையில் ஓட மாட்டேன் என்கிறது? இந்தியக் கிராமங்களில் பிரதம் அமைப்பின் முயற்சியில் வீடு வீடாகப் போய் நடத்தும் அசர் ஆய்வில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க வேண்டும். 2024 ஆய்வின்படி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அதைச் செய்தவர்கள் நூற்றுக்குச் சுமார் முப்பது பேர். கால்குலேட்டரைத் திட்டி இதைத் தீர்க்க முடியாது. நம் தொடக்கப் பள்ளி வகுப்பறைக்குள் கால்குலேட்டர் நுழைந்ததே இல்லை. 

என் திண்ணைக்குச் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் கூட்டுவதைக் கவனித்தால் விஷயம் தெரிகிறது. “மனசுல ஆறு, கையில நாலு” என்று சொல்லி, ஆறுக்குப் பிறகு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று விரல் விடுகிறார்கள். முதல் வகுப்புக்கு இது அருமையான வழி. ஆனால் ஐந்தாம் வகுப்பிலும் அதே விரல்தான். 63இல் 28 போக எவ்வளவு என்றால் நோட்டின் ஓரத்தில் அறுபத்து மூன்று கோடு போடுகிறார்கள். இருபத்தெட்டை அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணுகிறார்கள். ஒரு கோடு தவறினால் முப்பத்து நாலு, கூடினால் முப்பத்தாறு. இருபத்தெட்டோடு ரெண்டு சேர்ந்தால் முப்பது, இன்னும் முப்பது போனால் அறுபது, மேலே மூன்று, ஆக முப்பத்தைந்து என்ற நடை அவர்களுக்குப் பழகவில்லை. புரியவைப்பதற்கு நேரம் ஒதுக்கிய நாம், புரிந்ததைப் பழக்குவதற்கு வைத்திருந்த அந்தச் சாயங்கால அரைமணியைத் தொலைத்துவிட்டோம்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவின் மகள், ஐந்தாம் வகுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை அவள் அம்மா ஊருக்குப் போயிருக்க, கூடையோடு அவளே உட்கார்ந்திருந்தாள். முழம் முப்பத்தைந்து. மூன்று முழம் கேட்டு இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். முழங்கையில் சரத்தை அளந்து, வாழை நாரை நகத்தால் அறுத்து, இலையில் சுற்றிக்கொண்டே “நூத்தஞ்சு சார், இந்தாங்க தொண்ணூத்தஞ்சு” என்று எண்ணிக் கொடுத்துவிட்டாள். ஐந்து விநாடி ஆகியிருக்காது. மறுநாள் திண்ணையில் அவள் நோட்டில் 200 எழுதி, கீழே 105 எழுதி, கழி என்றேன். சைபருக்கும் அஞ்சுக்கும் அஞ்சு, சைபருக்கும் சைபருக்கும் சைபர், ரெண்டில் ஒன்று போனால் ஒன்று. விடை 105 என்று எழுதி, ஸ்கேல் வைத்து இரண்டு கோடும் போட்டுவிட்டாள். நேற்று என் கையில் தொண்ணூற்றைந்து ரூபாயை வைத்த அதே விரல்கள்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ ஆகியோர் உள்ளிட்ட குழு கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் இதைத்தான் பார்த்தது. 2025இல் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வெளியானது. கடையில் விலையும் மீதியும் மனசுக்குள்ளேயே போட்டுச் சொன்ன பிள்ளைகள், தாளில் எழுதிக் கொடுத்த எளிய கணக்கில் தடுமாறினார்கள். பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளோ தாளில் தேறினார்கள், சந்தைக் கணக்கில் விழுந்தார்கள். படித்தபோது பூக்காரப் பிள்ளையின் அந்த இரண்டு கோடுகள்தான் கண்முன் வந்தன. எங்கள் காலத்தில் மளிகைக் கடை மரப்பெட்டிக்கும் வேப்பமரத்தடிக்கும் நடுவே எல்லாப் பிள்ளைகளும் தினம் நடந்துகொண்டிருந்தோம். அந்த நடையில் இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

இப்போது அந்த வழி தூர்ந்து வருகிறது. பருப்பு பாக்கெட்டில் வருகிறது, விலை அதன் முதுகில் அச்சாகியிருக்கிறது. எலெக்ட்ரானிக் தராசு எடையையும் தொகையையும் சேர்த்தே காட்டிவிடுகிறது. போனை நீட்டி 63 ரூபாய் அனுப்பினால் மீதி என்ற ஒன்றே கிடையாது. அம்மாவுக்கு வேலை மிச்சம், கடைக்காரருக்குச் சில்லறைத் தொல்லை மிச்சம். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் நாலைந்து முறை கிடைத்துவந்த கூட்டலும் கழித்தலும் ஓசையில்லாமல் போய்விட்டன. பள்ளிக்கு வெளியே ஊர் இலவசமாக நடத்திக்கொண்டிருந்த கணக்கு வகுப்பு அது. அதை மூடியபின் பள்ளிக்குள் ஒரு மணி நேரம் கூட்டியிருக்க வேண்டும் அல்லவா?

பின்னங்கள் இன்னும் மோசம். பாடத்தில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவே ஒரு கோடு என்று திடீரென்று வந்து நிற்கின்றன. போன மாதம் திண்ணையில் முக்காலும் பதினாறில் மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று எழுதிப் போட்டேன். மேலும் மேலும் கூட்டி, கீழும் கீழும் கூட்டி, இருபதில் ஆறு என்றார்கள். முக்காலைவிடக் குறைந்த விடை வந்ததே என்று யாரும் திகைக்கவில்லை. ஒரு வாழைப்பழச் சீப்பை எடுத்து வந்து பதினாறு பழத்தை வரிசையாக வைத்தேன். முக்கால் பங்கைத் தள்ளச் சொன்னேன். பன்னிரண்டு போயிற்று. இன்னும் மூன்று வீசம் என்றேன். வீசம் என்றால் என்ன என்று ஒருவன் கேட்டான். ஒரு பழம் என்றேன். மூன்று பழம் நகர்ந்தது. ஒன்றே ஒன்று மிஞ்சிப் பாயில் கிடந்தது. “எங்க ஆயா சொல்லும் சார், முக்காலே மூணு வீசம்னு. இதுதானா அது?” என்றான்.

பூக்காரப் பிள்ளை 105 என்று எழுதிய அன்று அவள் நோட்டைப் பிடுங்கித் திருத்தவில்லை. இருநூறு ரூபாய்த் தாள் ஒன்றை நோட்டின் மேல் வைத்து, “மூணு முழம் கொடும்மா” என்றேன். சட்டென்று “நூத்தஞ்சு. இந்தாங்க அஞ்சு, நூத்திப்பத்து. தொண்ணூறு…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ரப்பரை எடுத்து 105ஐ அழித்து, 95 என்று எழுதினாள். பிறகு நான் சொல்லாமலேயே பக்கத்தைப் பின்னால் திருப்பி, போன வாரம் போட்ட கழித்தல் கணக்குகளை ஒவ்வொன்றாக உதட்டுக்குள் கூட்டிப் பார்க்கத் தொடங்கினாள். விளக்கு வைக்கும் நேரமாகியும் எழுந்து போகவில்லை.